கல்லிலிருந்து எடுத்த பெயர்

லோர்னா ஹியெத்தலா எழுதிய பத்தொன்பது புத்தகங்களுக்கும் எழுத்துப் பிழை பார்த்தவள் நான். ஒன்றில்கூட எனக்கு நன்றி என்று ஒரு வரி கிடையாது. கேட்டால், "உன் பேரப் போட்டா நாலு பேர்ல எழுதுறது ஒரே ஆளுன்னு ஊருக்குத் தெரிஞ்சுடும் வெர்னா" என்பாள். நூலகத்தில் நாற்பது வருஷம் உட்கார்ந்தவள் நான். எழுதுகிறவர்களிடம் நன்றியை எதிர்பார்க்கக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? இருந்தாலும் மனத்தாங்கல் உண்டு. அதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

லோர்னா எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தின் ஓட்டுநர். காலை ஆறேகாலுக்குப் பிள்ளைகளை ஏற்றத் தொடங்கி எட்டு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் இறக்குவாள். மதியம் இரண்டே முக்காலுக்கு மறுபடி ஏற்ற வேண்டும். நடுவில் கிடக்கும் நேரத்தில் மற்ற ஓட்டுநர்கள் வீட்டுக்குப் போய்த் தூங்குவார்கள். இவள் மட்டும் வண்டியை, கப்பலில் தாமிரம் ஏற்றிய பழைய துறைக்குப் பின்னால் ஏரியைப் பார்த்து நிறுத்துவாள். இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் கோட்டு, பிளாஸ்கில் காபி, மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்த பாஸ்டி ஒன்று, ஸ்டீயரிங் மேல் ஒரு பலகை. அப்படித்தான் எழுதினாள், முப்பத்தொரு வருஷம்.

தொடக்கத்தில் எழுதியதெல்லாம் கொலைக் கதைகள், சொந்தப் பெயரிலேயே. பெரிய ஊர்ப் பதிப்பாளர்கள் பதினொரு தடவை திருப்பி அனுப்பினார்கள். பன்னிரண்டாவது தடவை யாருக்கும் அனுப்பாமல், தானே அட்டை செய்து, தானே கணினியில் ஏற்றி, தானே விற்க ஆரம்பித்தாள். தேவாலயக் கூடத்தில் நடக்கும் கைவினைச் சந்தையில், பின்னல் தொப்பி விற்கிறவளுக்கும் ஊறுகாய் விற்கிறவளுக்கும் நடுவில் அவளுடைய மேசை இருக்கும். ஊறுகாய் நன்றாகப் போகும்.

பிறகு ஒரு காதல் கதை எழுதிப் பார்த்தாள். பழக்கதோஷம், ஒன்பதாம் அத்தியாயத்தில் மாப்பிள்ளையைக் கொன்றுவிட்டாள். ஓஹையோவிலிருந்து ஒரு வாசகி எழுதினாள்: சமையலறையில் நின்று அழுதேன், இனி உன் பெயர் போட்ட புத்தகத்தைத் தொடவே மாட்டேன் என்று. அந்தக் கதையை லோர்னா விற்பனையிலிருந்தே எடுத்துவிட்டாள். அன்றைக்குத்தான் அவளுக்குப் புத்தி வந்தது. இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான், கதையின் வகைக்கு ஒரு புனைபெயர். காதல் படிக்கிறவர்களுக்குப் பிணம் ஆகாது. பேய் படிக்கிறவர்களுக்குக் கல்யாணம் ஆகாது.

பெயர்களை அவள் எடுத்த இடம்தான் விவகாரம். ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் எடுத்தாள். மாட்டுக்காரர்களின் துப்பாக்கிச் சண்டைக் கதைகளுக்கு ஹார்லன் பீட்ஸ், 1894-இல் படகோடு மூழ்கியவன். பேய்க் கதைகளுக்கு தியோடோரா க்விஸ்ட், 1881. கல்லுக்கு நூறு வயது தாண்டியிருக்க வேண்டும், சொந்தம் என்று சொல்லிக்கொண்டு வர யாரும் இருக்கக் கூடாது. இது அவளே வைத்துக்கொண்ட சட்டம். ஒரு புத்தகம் முடிந்தால், சீவிய பென்சில் ஒன்றை அந்தக் கல்லின் அடியில் மண்ணில் குத்திவிட்டு வருவாள்.

"செத்தவங்களுக்குப் பென்சில் எதுக்குடி?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"அவங்க பேர்ல நான் எழுதுறேன். தப்பா எழுதியிருந்தா அவங்க திருத்திக்கட்டும்."

திருத்துவது என் வேலை என்று நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை.

காதல் கதைகளுக்கு அவள் எடுத்த பெயர் இல்மா ரௌத்தியோ. எங்கள் பக்கம் ரௌத்தியோ வீட்டுக்கு வீடு உண்டு, பின்லாந்திலிருந்து சுரங்கத்துக்கு வந்தவர்களின் பெயர். எனவே நான் ஒன்றும் கேட்கவில்லை, இதுவும் ஏதோ பழைய கல் என்று விட்டுவிட்டேன். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஆசிரியரைப் பற்றி நாலு வரி: 'இல்மா ரௌத்தியோ 1958-இல், நவம்பர் பனிப்புயலன்று, இந்த ஏரிக்கரையில் பிறந்தார். இரண்டு பூனைகளோடு வசிக்கிறார். கோடையில் தினமும் ஏரியில் நீந்துகிறார். பதில் எழுதுவார்.' கீழே தபால் பெட்டி எண். வருஷத்தை லோர்னா கற்பனையில் போட்டாள் என்றுதான் நான் நம்பினேன். அவள் என்னிடம் சொன்னதும் அப்படித்தான்.

இல்மாவின் புத்தகங்கள் வேறு மாதிரி இருந்தன. லோர்னாவின் கொலைக் கதைகளில் பக்கத்துக்குப் பத்துப் பிழையாவது சிவப்பு மையில் சுழிப்பேன். ஹார்லன் பீட்ஸ் குதிரைக்கு ஐந்து கால் வைப்பான். இல்மாவின் பக்கங்களில் என் பேனா நிற்க இடமே இருக்காது. எளிமையான வாக்கியங்கள், படித்து முடித்ததும் எழுந்து போய் யாரையாவது கூப்பிட்டுப் பேச வேண்டும் போலிருக்கும். விற்றதும் அவை மட்டும்தான். எட்டுப் புத்தகம், மாதம் ஒரு கடிதம் வாசகர்களுக்கு. அந்தக் கடிதங்களில் இல்மாவுக்கு ஒரு வாழ்க்கையே வந்துவிட்டது. தையல் மெஷின், ஆப்பிள் மரம், கப்பலில் வேலை பார்த்த கணவன், அவன் காய்ச்சலில் போனது. ஒரு கடிதத்தில் இல்மா எழுதியிருந்தாள்: என் கதாநாயகிகளுக்கெல்லாம் இடது காதின் மேல்நுனி மடிந்திருக்கிறதே என்று கேட்கிறீர்கள், அது என் காது.

அந்தக் கதைகள் பேருந்தில் மட்டும்தான் வந்தன. வீட்டு மேசையில் உட்கார்ந்தால் ஒரு வரி ஓடாது. ஓட்டுநர் தலைக்கு மேலே பெரிய கண்ணாடி ஒன்று உண்டு, பின்னால் இருக்கும் இருக்கை எல்லாம் தெரியும். காலி வண்டியில் எழுதிக்கொண்டிருக்கும்போது நிமிர்ந்து பார்த்தால், இடது பக்கம் மூன்றாம் வரிசை ஜன்னலில் மட்டும் மூச்சுப் பட்டது மாதிரி ஆவி படிந்திருக்கும் என்றாள். மற்ற ஜன்னல்கள் தெளிவாக இருக்கும். நான் சிரித்தேன். ரப்பர் போயிருக்கும், பணிமனையில் கொடுத்துப் பார் என்றேன். கொடுத்தாள். ஜன்னலில் ஒரு குறையும் இல்லை என்றார்கள்.

பிள்ளைகள் அந்த இருக்கையில் உட்கார மாட்டார்கள். அது ஒன்றுதான் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. முதல் வகுப்பில் ஒரு வாலு இருந்தாள், டெஸ் என்று பெயர், யாருக்கும் பயப்படாதவள். நூலகத்துக்கு வந்தபோது ஏன் என்று கேட்டேன்.

"அங்க ஆள் இருக்கு. இடம் பிடிச்சு வச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் படப் புத்தகம் எடுக்கப் போய்விட்டாள்.

வாரத்தில் ஒரு நாள் நூலகத்துத் தள்ளுவண்டியில் புத்தகம் அடுக்கிக்கொண்டு, மேட்டுத் தெருவிலுள்ள முதியோர் இல்லத்துக்கு நான் போவேன். நாலு வருஷத்துக்கு முந்தைய பிப்ரவரியில் பதினோராம் அறைக்குப் புதிதாக ஒரு பெண்மணி வந்திருந்தார். ஐலி ரௌத்தியோ, வயது எண்பத்தைந்து. டெட்ராய்ட்டில் கார் இருக்கைக்கு உறை தைக்கும் வேலை, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பத்தொன்பது வயதில் ஊரைவிட்டுப் போனவர், இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறார். "பெரிய எழுத்தா இருந்தா எதையாவது வச்சிட்டுப் போம்மா" என்றார். நான் இல்மாவின் முதல் புத்தகத்தை வைத்தேன். என் கையால்தான் வைத்தேன்.

அடுத்த வாரம் இரண்டாவதைக் கேட்டார். அதற்கடுத்த வாரம் மிச்சம் இருந்ததையெல்லாம் கேட்டார். "இந்தப் பொண்ண உனக்குத் தெரியுமா?" என்று கேட்டபோது, தெரியாது என்று பொய் சொன்னேன். ரகசியம் காப்பது என் கடமை என்று அப்போது பெருமையாகவும் இருந்தது.

மார்ச் மாதத்தில் லோர்னா நூலகத்துக்கு வந்தாள். மேசைமேல் ஒரு உறையை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. தபால் பெட்டிக்கு வந்த கடிதம், நடுங்கும் கையெழுத்து.

'இல்மா, நீ பிறந்த அன்று புயல். என்னைத் தூங்க வைத்துவிட்டார்கள். விழித்தபோது குழந்தை போய்விட்டது என்றார்கள். உன்னை எனக்குக் காட்டவில்லை, எங்கே என்றும் சொல்லவில்லை. உன்னை யாருக்காவது கொடுத்துவிட்டார்களா? உன் பெயர் நான் வைத்தது. அந்தக் காது என்னுடையது, என் அப்பாவுடையது. கோபம் இருந்தால் எழுத வேண்டாம். இல்லாவிட்டால் வா. மேட்டுத் தெரு, அறை பதினொன்று. ஐலி.'

நான் இரண்டு தடவை படித்தேன். பிறகு அந்தப் பெயர் எந்தக் கல்லில் இருந்தது என்று கேட்டேன்.

அப்போதுதான் சொன்னாள். கல்லறைத் தோட்டத்தின் வடக்கு மூலை, வேலியோரம், கைக்குழந்தைகளைப் புதைக்கிற இடம். சின்னக் கல், பெயரும் 1958 என்ற ஒரே ஒரு வருஷமும். லோர்னாவுக்கும் முப்பது வயதில் ஒரு குழந்தை ஏழாம் மாதத்தில் வயிற்றில் நிற்காமல் போனது. அதற்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. அதனால் அந்த மூலைக்குப் போய் நிற்கிற பழக்கம் அவளுக்கு இருந்திருக்கிறது. ஒரு நாள் அந்தப் பெயரைக் கண்டாள். தன் சட்டத்தை மீறுகிறோம் என்று தெரிந்தே எடுத்துக்கொண்டாள்.

எனக்கு வந்த கோபத்தில் நூலகம் என்பதையும் மறந்து கத்தினேன். ஒரு குழந்தையின் பெயரையா என்றேன். என்னிடம் ஏன் பொய் சொன்னாய் என்றேன். நான் கையால் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேனே என்றேன்.

கொஞ்சம் ஆறியபின் ஒன்று கேட்டேன். புயலும் நவம்பரும் கல்லில் இல்லையே, காது எங்கிருந்து வந்தது?

"தெரியல. எழுதுறப்போ வந்துச்சு."

எனக்கு எதற்கும் ஒரு காரணம் வேண்டும். நவம்பரில் எங்கள் ஊரில் புயல் இல்லாத வருஷமே கிடையாது. ஐலியின் அப்பா யாரென்று யோசித்துப் பார்த்தேன். கிழவர் ரௌத்தியோ, பள்ளிக்கூடத்துக் கொதிகலனைப் பார்த்துக்கொண்டவர், யாரோடும் பேசாத மனிதர். லோர்னாவும் நானும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது தினமும் அவரைப் பார்த்திருக்கிறோம். அவருடைய காது அவள் மனத்தில் எங்கோ தங்கியிருக்கும். இப்படிச் சொல்லி அவளைச் சமாதானப்படுத்தினேன். ஆனால் எவ்வளவு யோசித்தும் கிழவரின் காது என் நினைவுக்கு வரவேயில்லை, அவர் எப்போதும் கம்பளித் தொப்பியோடுதான் இருப்பார்.

போய் உண்மையைச் சொல் என்றேன். சரி என்று தலையாட்டினாள். இரண்டு வாரம் போகவில்லை.

ஏப்ரல் தொடக்கத்தில் வழக்கம்போல ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "பிழை பாரு" என்றாள். அது ஐலிக்கு இல்மா எழுதிய பதில். அம்மா, எனக்குக் கோபம் இல்லை என்று தொடங்கியது. தன்னை வளர்த்தவர்கள் நல்லவர்கள் என்றும், காது மடிந்த பெண்ணை எந்தக் கடைத்தெருவில் கண்டாலும் பின்னாலேயே நடந்து போனதாகவும் எழுதியிருந்தது. உடம்பு சரியில்லை, கோடையில் வருகிறேன், ஜன்னலோரம் உட்கார்ந்திரு என்று முடிந்தது. அவள் எழுதியதிலேயே அதுதான் சிறந்தது. எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. நான் சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன்.

"இத அனுப்பினா உன் மூஞ்சில நான் முழிக்க மாட்டேன்."

"நான் எழுதல வெர்னா. சத்தியமா சொல்றேன். கைதான் என்னோடது. அவ அம்மாகிட்டப் பேச அவ தவிக்கிறா."

"அவ பொறந்தன்னிக்கே போயிட்டா. நீதான் தவிக்கிறே."

லோர்னா அழுதாள். எனக்குத் தெரிந்து அவள் அழுதது அதுதான் முதல் தடவை, கணவன் வேறொருத்தியோடு விஸ்கான்சினுக்குப் போனபோதுகூட அழவில்லை.

"நான் போய் உண்மையச் சொல்லிட்டா இவ போயிடுவா. எனக்கு இவள விட்டா யாரு இருக்கா? எழுத்துன்னு ஒண்ணு எனக்கு வந்ததுன்னா அது இவ பக்கத்துல இருந்தப்போ மட்டும்தான்."

அது பொய் இல்லை, எட்டுப் புத்தகத்தையும் படித்தவள் நான். தாளை அவளிடமே கொடுத்துவிட்டு, அந்த வாரம் முதியோர் இல்லத்தில் பார்த்ததை மட்டும் சொன்னேன். ஐலி தலைமுடியைச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தார். அறையில் இன்னொரு நாற்காலி போடச் சொல்லி வாங்கியிருந்தார். இரண்டு வாரமாகச் சாப்பாட்டுக் கூடத்துக்கு வருவதில்லையாம், தான் இல்லாத நேரத்தில் யாராவது வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடக் கூடாதாம். தட்டு அறைக்கே போகிறது. கதவைத் திறந்தே வைத்திருக்கிறார்.

லோர்னா அந்தத் தாளை நாலாக மடித்தாள். பிறகு கிழித்தாள். அடுத்த வியாழக்கிழமை பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராக மேட்டுத் தெருவுக்கு வண்டியை ஓட்டினாள். தனியாகப் போக மாட்டேன் என்றதால் நானும் ஏறிக்கொண்டேன்.

திறந்த கதவுக்குள் நாங்கள் நுழைந்ததும் ஐலி எழ முயன்றார். முடியாமல் சக்கர நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். என்னை அவருக்குத் தெரியும். எனவே லோர்னாவைத்தான் பார்த்தார், பார்த்துக்கொண்டே இரண்டு கையையும் நீட்டினார். லோர்னா போய் முன்னால் மண்டியிட்டாள். ஐலி அவளுடைய தொப்பியைக் கழற்றி, நரைத்த முடியை ஒதுக்கி, இடது காதை விரலால் மெல்லத் தடவினார். மேல்நுனி வரை தடவினார். காது நேராக இருந்தது.

"நீ இல்ல" என்றார்.

"நான் இல்லம்மா. நான் லோர்னா, பஸ் ஓட்டுறவ. அந்தப் புத்தகமெல்லாம் நான் எழுதினது."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள், எதையும் மறைக்காமல், தன்னை நல்லவளாக்கிக்கொள்ளாமல். பூனை, தையல் மெஷின், கப்பல்காரக் கணவன் எல்லாம் தான் கட்டிய கதை என்றாள். பெயர் மட்டும் கட்டியதில்லை, கல்லில் இருந்து எடுத்தது, மன்னிப்புக் கேட்கவும் தனக்கு யோக்கியதை இல்லை என்றாள். எனக்கு அந்த அறையில் நிற்கவே முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கடைசியில் ஐலி கேட்டது நாங்கள் இருவரும் நினைத்தே பார்க்காதது.

"என்ன கல்லு?"

லோர்னாவுக்குப் புரியவில்லை. "கல்லறைக் கல்லும்மா. வடக்கு மூலையில..."

"அவளுக்குக் கல்லு இருக்கா?"

அறுபத்தாறு வருஷமாக அவருக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லவில்லை. மூன்றாம் வாரமே அப்பா பேருந்து நிலையத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டார், டெட்ராய்ட்டில் அத்தை வீட்டுக்கு. வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணம் ஆகாமல் பெற்ற மகள் முகத்தில் விழிக்க அவருக்கு வெட்கம் என்று ஐலி நினைத்துக்கொண்டார். அப்பாவின் சாவுக்குக்கூட ஊருக்கு வரவில்லை. குழந்தையை ஆஸ்பத்திரிக் குப்பையோடு எறிந்திருப்பார்கள் என்றே இல்மாவின் புத்தகம் கைக்கு வரும் வரை நம்பி வாழ்ந்திருக்கிறார். அதைச் சொல்லும்போது குரல் உடையவில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

கூட்டிப்போக முடியுமா என்று கேட்டார். இப்போதே.

லோர்னாவின் வண்டியில் சக்கர நாற்காலி ஏற்றும் மேடை உண்டு. பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்தால் அவள் வேலை அன்றோடு போயிருக்கும். இல்லத்துத் தாதி நல்லவள், போர்வை இரண்டைக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். ஐலியின் நாற்காலியைப் பூட்டிய இடம் பின்பக்கம். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வண்டி நகர்ந்ததும் முன்னால் பார்த்தேன். இடது பக்கம், மூன்றாம் வரிசை. அங்கே யாரும் இல்லை. ஜன்னலில் மட்டும் ஒரு முகத்தின் உயரத்துக்கு ஆவி படிந்திருந்தது, படிந்து படிந்து மறைந்தது, மூச்சு விடுகிற கணக்கில். காரணம் தேடினேன். அன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஐலியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் ஆகியும் வடக்கு மூலையில் முழங்காலுக்கு மேல் பனி கிடந்தது. வண்டியில் எப்போதும் கிடக்கும் மண்வெட்டியால் லோர்னா பாதை வெட்டினாள். அறுபத்திரண்டு வயது, மூச்சு வாங்க வாங்க வெட்டினாள், நான் கொடு என்றாலும் கொடுக்கவில்லை. கல் தெரிந்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையுறையால் பனியைத் துடைத்தாள். அடியில் எட்டுப் பென்சில்கள் வரிசையாகக் குத்தி நின்றன, மழையிலும் பனியிலும் வண்ணம் போய்.

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினோம். ஐலி படித்தார். இல்மா ரௌத்தியோ, 1958.

"இந்தப் பேர அப்பாகிட்ட மட்டும்தான் சொன்னேன்" என்றார். "புயல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாரு. பொண்ணா இருந்தா இல்மான்னு வைக்கப்போறேன்னேன். திரும்பிக்கூடப் பாக்கல. வண்டிதான் ஓட்டுனாரு."

குனிந்து கல்லைத் தொட முடியவில்லை. லோர்னா அவரை இடுப்போடு பிடித்துத் தாங்கினாள். ஐலியின் விரல் இல்மா என்ற பெயரில் நிற்கவில்லை, அடுத்திருந்த ரௌத்தியோவுக்குப் போனது.

"அவர் பேரப் போட்டிருக்காரு. தன் பேரக் குடுத்திருக்காரு அவளுக்கு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

அப்போது அழுதார். குழந்தைக்காகவா அப்பாவுக்காகவா என்று நான் எப்படிச் சொல்ல? லோர்னாவும் அழுதாள். நானும்தான்.

திரும்பும்போது மூன்றாம் வரிசை ஜன்னல் தெளிவாக இருந்தது. ஏரி முழுக்கத் தெரிந்தது. லோர்னா கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தாள், இன்னொரு தடவை பார்த்தாள், அப்புறம் சாலையை மட்டும் பார்த்து ஓட்டினாள்.

புத்தகங்களையெல்லாம் விற்பனையிலிருந்து எடுத்துவிடுகிறேன், பெயரைத் திருப்பித் தந்துவிடுகிறேன் என்று இல்லத்து வாசலில் சொன்னாள். ஐலி வேண்டாம் என்றார். ஒரே ஒரு குறைதான் சொன்னார். "ரெண்டு பூனைன்னு போட்டிருக்கியே, அத மட்டும் எடுத்துடு. எங்க குடும்பத்துல ஒருத்தருக்கும் பூனை ஒத்துக்காது. தும்மியே செத்துருவா." அன்றைக்கு நாங்கள் மூவரும் சிரித்தது அதற்குத்தான். பூனைகளை எடுத்த புதிய பதிப்பு எட்டும் ஒரே வாரத்தில் வந்தது. கடைசிப் பக்கத்தில் இல்மா இப்போது தனியாக வசிக்கிறாள்.

ஒன்பதாவது புத்தகம் வரவில்லை. லோர்னா தினமும் துறைக்குப் பின்னால் வண்டியை நிறுத்தி, பலகையை வைத்து உட்கார்ந்தாள். முதல் அத்தியாயத்தில் பாதி எழுதியிருந்தாள், அந்தப் பாதி அப்படியே நின்றது. வாசகர்கள் கெஞ்சினார்கள், பிறகு திட்டினார்கள், பிறகு மறந்தார்கள். மூன்றாம் வரிசையில் டெஸ் உட்கார ஆரம்பித்தாள். காலியாத்தானே இருக்கு என்றாளாம். லோர்னா அதை என்னிடம் சொன்னபோது குரல் ஒரு மாதிரி இருந்தது. கொலைக் கதை ஒன்று தொடங்கி, அதையும் விட்டுவிட்டாள். மதியம் வரை இருக்கும் நேரத்தில் மேட்டுத் தெருவுக்குப் போய் ஐலிக்குப் புத்தகம் வாசித்துக் காட்டுவாள், இல்மாவின் புத்தகங்களைத்தான். ஐலி நடுவில் நிறுத்தி, இந்த இடத்தில் இவள் இப்படிப் பேச மாட்டாள் என்பார். அவ என் பொண்ணு, எனக்குத் தெரியும் என்பார். லோர்னா எழுதியவள் என்ற திமிர் இல்லாமல் கேட்டுக்கொள்வாள்.

போன ஜனவரியில் ஐலி போனார். எங்கள் ஊரில் குளிர்காலத்தில் மண்ணைத் தோண்ட முடியாது, அடக்கம் எல்லாம் வசந்தம் வரை காத்திருக்கும். வடக்கு மூலையில் அந்தச் சின்னக் கல்லுக்குப் பக்கத்தில் இடம் என்று ஐலி எழுதி வைத்திருந்தார். கல்லில் என்ன பொறிப்பது என்பதை மட்டும் எழுதவில்லை. அதை பஸ்காரி எழுதட்டும், அவள்தானே எழுத்தாளர் என்று தாதியிடம் சொல்லியிருக்கிறார்.

மே மாதத்தில் ஒரு நாள் லோர்னா நூலகத்துக்கு வந்தாள். கோட்டைக் கழற்றாமல் எதிரில் உட்கார்ந்தாள். ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினாள்.

"பிழை பாரு" என்றாள்.

நான் சிவப்புப் பேனாவைத் திறந்தேன். தாளில் பெயரும் இரண்டு வருஷமும் இருந்தன. அதன் கீழே அவள் எழுதியது இரண்டே சொல். இல்மாவின் அம்மா.

நான் அதை வெகு நேரம் பார்த்தேன். பேனாவை மூடினேன். சரியாக இருக்கிறது, அப்படியே கொடுத்துவிடு என்றேன்.